மெயினை ஆஃப் பண்ணின மாப்பிள்ளை

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் மூக்கின் நுனி வியர்க்கும். அடுத்து, "ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று சொல்ல ஆரம்பிப்பேன். ஒரு முறை சொன்னால் யாரும் கவலைப்பட வேண்டாம், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டிருப்பேன். விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவது நல்லது. என் மனைவி இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு சந்தர்ப்பம்தான். அதை நான் எங்கள் தலைக் கிறிஸ்துமஸுக்கே ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். பெரிய பெரிய மோட்டார்கள், ஆள் உயரப் பேனல்கள். எங்கேயாவது புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சேர்ந்த அன்றே ஓதியிருந்தார்கள்: யோசிக்காதே, ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணு. யோசனையெல்லாம் அதற்கப்புறம். இந்தப் பாடம் என் மூளைக்குப் போகாமல் நேராகக் கால்களுக்குப் போய்விட்டது. புகையைக் கண்டால் கால்கள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிடும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

மாமனாருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத்தில் இரும்பு கடைகிற டர்னர் வேலை. குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆவடிக்கு வந்து அரை ஆயுள் ஆகியும் பேச்சு மட்டும் அங்கிருந்து ரயில் ஏறவே இல்லை. அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது, என்னைவிட மூத்தது. அதன் ஹாரன், எருமைக்குச் சளி பிடித்தது போல ஒலிக்கும்.

அந்த வண்டிக்கு வருஷத்தில் ஒரு நாள் ராஜ மரியாதை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம், சர்ச்சிலிருந்து பாடகர் குழு குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேரல் ரவுண்ட்ஸ் போகும். கிட்டார், டிரம், தாளம் தப்பிய கைத்தட்டல் எல்லாம் பின்னால் நடந்து வர, முன்னால் மாமனார் கிறிஸ்துமஸ் தாத்தாவாக அந்த வண்டியில் போவார். சிவப்புக் கோட்டு, பஞ்சுத் தாடி வைத்த முகமூடி, வயிற்றில் ஒரு தலையணை. மனிதர் ஒல்லி. தலையணை இல்லாவிட்டால் தாத்தாவுக்குக் காசநோய் வந்தது போல இருக்கும். எருமை ஒரு தடவை கத்தினால் போதும், எல்லாக் கதவும் திறக்கும். அவர் மிட்டாயை அள்ளி வீசுவார்.

முந்தின வருஷம் பாதி வழியில் ஹெட்லைட் அணைந்து, தாத்தா வண்டியோடு நேராகப் பாடகர் குழுவுக்குள் புகுந்துவிட்டார். மனிதர்களுக்கு ஒன்றுமில்லை. ஒரு டிரம் மட்டும் கிழிந்தது. அதனால் இந்த வருஷம் சர்ச் கமிட்டி ஒரு நிபந்தனை போட்டிருந்தது. வண்டியில் விளக்கும் ஹாரனும் ஒழுங்காக வேலை செய்தால் கோட்டு மாமனாருக்கு, இல்லாவிட்டால் எதிர் பிளாக்காரருக்கு.

எதிர் பிளாக்காரர் பூந்தமல்லிக்காரர், மாமனாரின் பட்டறையிலேயே வேலை. அப்போது புதிதாக வந்திருந்த ஜப்பான் கூட்டுத் தயாரிப்பு வண்டி ஒன்றை வாங்கி, சீட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று சொந்தமாக ஒரு முகமூடியும் வாங்கி வைத்திருந்தார். மாமனார் இதைப் பற்றி எதுவும் பேசமாட்டார். ஆனால் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார் என்று மனைவி சொன்னாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கினோம். அந்த வீட்டின் வழக்கப்படி, தலைக் கிறிஸ்துமஸுக்கு வந்த மாப்பிள்ளை ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு விதி உண்டு, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. நான் காலையில், "ஆவடியில வெயில் கம்மி" என்றேன். வேர்த்து வழிந்துகொண்டிருந்த மாமனார், "ஆமா மாப்ள, குளுருதுல்லா" என்று துண்டைப் போர்த்திக்கொண்டார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றது. சாவியைத் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டால் எரிந்தது. ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் அணைந்தது.

"மாமா, கழுத்துல ஒயர் தேஞ்சிருக்கு. ஒரு மணி நேர வேலை. நான் பாக்கிறேன்" என்றேன்.

அத்தை, அதாவது மாமியார், அடுக்களையிலிருந்து ஓடி வந்தார். "ஐயோ மாப்ள, நீங்க எதுக்கு அதுல கைய வைக்கிய? வந்து உக்காருங்க, முறுக்கு தாரேன்."

"அத்தை, நான் நானூறு வோல்ட்டுல வேலை பாக்கிறவன். இது ஆறு வோல்ட்டு. எனக்கு இது பொம்மை."

மனைவி வாசற்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்த கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "பொம்மையா?" என்று மட்டும் கேட்டாள்.

கழுத்துப் பக்கம் தேய்ந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. எழுந்திருக்கும்போது பேட்டரி கண்ணில் பட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகத்தில் எந்த வண்டியிலும் பேட்டரியின் மைனஸ்தான் வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும், பிளஸ் ஒயர்களுக்குப் போகும். இங்கே எவனோ தலைகீழாக, பிளஸ்ஸைக் கொண்டுபோய் உடம்பில் மாட்டியிருந்தான்.

"மாமா, இங்க வாங்க. இதைப் பாத்தீங்களா? எவனோ ஒரு முட்டாள் பிளஸ்ஸை பாடியில குடுத்துட்டுப் போயிருக்கான். இத்தனை வருஷம் வண்டி எரியாம இருந்ததே ஆண்டவர் கிருபை."

மாமனார் தாடையைச் சொறிந்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

"அப்படியா சொல்லுதிய மாப்ள? நான் வாங்கினதுல இருந்து அப்படித்தான் கெடக்கு."

"அதான் மாமா சொல்றேன். அப்ப இருந்தே தப்பு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தக் குரலை நான் இன்றும் மறக்கவில்லை. ஊசி போடும் முன் டாக்டர், "வலிக்காது" என்று சொல்வாரே, அந்தக் குரல்.

மாற்றி மாட்டினேன். ஹெட்லைட் எரிந்தது. ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினேன், எரிந்தது. வலது பக்கம், எரிந்தது. ஹாரனை அழுத்தினேன், எருமை கத்தியது. எதிர் பிளாக்கிலிருந்து பூந்தமல்லிக்காரர் எட்டிப் பார்த்து முகத்தைச் சுருக்கிக்கொண்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். மின்சாரம் என்பது ஒழுங்கு, ஒழுங்கு என்பது படிப்பு, இப்படி ஏதோ. பல்புக்கும் ஹாரனுக்கும் பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்ற கவலையே கிடையாது, எப்படிக் கொடுத்தாலும் வேலை செய்யும் என்பது அந்தச் சொற்பொழிவில் விட்டுப்போயிற்று.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாமா" என்றேன்.

அவர் உதைத்தார். எஞ்சின் பிடித்தது. அந்த வண்டி தொடங்குவதற்குப் பேட்டரியே வேண்டாம். ஆனால் எஞ்சின் சுற்றினால் டைனமோ சுற்றும். டைனமோ போதுமான வேகத்துக்கு வந்ததும் ரெகுலேட்டர் டப்பாவுக்குள் இரண்டு புள்ளிகள் டக்கென்று ஒட்டிக்கொண்டு அதைப் பேட்டரியோடு சேர்த்துவிடும். டைனமோ அதன் பழைய வழக்கப்படி ஒரு பக்கம் தள்ளியது. நான் திருப்பி வைத்திருந்த பேட்டரி அதை எதிர்க்கவில்லை, கூடச் சேர்ந்து இழுத்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரு பாவப்பட்ட பழைய துணி ஒயருக்குள் பாய்ந்தன. அம்மீட்டர் முள் ஒரு மூலைக்குப் போய் அடித்துக்கொண்டு நின்றது. பெட்ரோல் டாங்குக்குக் கீழேயிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை கிளம்பியது.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றேன்.

நூல் கயிறாயிற்று.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஒண்ணும் பிரச்சினை... யம்மாடி, இன்னாது இவ்ளோ பொக வருது!"

மாமனார் வீட்டில் அதுவரை பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த அம்பத்தூர்த் தமிழ் அவிழ்ந்துகொண்டது. கால்களும் கிளம்பிவிட்டன. "மெயின ஆஃப் பண்ணு! மெயின ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டே வாசலைத் தாண்டி, முறுக்குத் தட்டைத் தாண்டி, வீட்டுக்குள் ஓடி, சுவரில் இருந்த மெயின் சுவிட்சைப் படாரென்று இறக்கினேன். இறக்கியதோடு நிற்கவில்லை. பாதுகாப்புக்காக ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். தொழில் சுத்தம்.

ஃபேன் மெல்ல நின்றது. ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தவர் பாதி வரியில் நின்றார். அடுக்களையில் அத்தையின் வட்டமான எலக்ட்ரிக் கேக் அடுப்பும் நின்றது. அதற்குள் கிறிஸ்துமஸ் கேக் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.

நான் ஃபியூஸ் கட்டைகளோடு வெளியே வந்தபோது மாமனார் எஞ்சினை நிறுத்தி, துண்டைக் கையில் சுற்றிப் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்திருந்தார். அவ்வளவுதான், புகை நின்றுவிட்டது. எல்லாரும் என் கையையே பார்த்தார்கள்.

"மாப்ள" என்றார் மாமனார் மிகுந்த மரியாதையோடு, "வண்டிக்குக் கரண்டு வீட்டுல இருந்தா போவுது?"

இதைக் கேட்க எதிர் பிளாக்காரரும் வந்து சேர்ந்திருந்தார். "இன்னா அண்ணாத்தே, ஊடே இருட்டா கீது? கரண்ட்டு போச்சா? எங்கூட்ல கீதே!" என்றார். வண்டியை மோந்து பார்த்தார். என் கையைப் பார்த்தார். மனிதர் கெட்டிக்காரர், உடனே புரிந்துகொண்டார். "வண்டி பொகைஞ்சா ஊட்டு மெயினா? அப்ப ஊடு பொகைஞ்சா இன்னா மாப்ளே பண்ணுவ? வண்டிய நிறுத்துவியா?"

மனைவி சிரித்துச் சிரித்து வாசற்படியில் சாய்ந்துவிட்டாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கேக் அடுப்பைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். கேக் நடுவில் அமுங்கிக் குழி விழுந்திருந்தது.

"கோடையில செம்பரம்பாக்கம் ஏரி கீது பாரு, அப்டியே" என்றார் எதிர் பிளாக்காரர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "சரி அண்ணாத்தே, வருத்தப்படாத. நாளைக்கு நான் போறேன். கோட்டக் குட்த்துடு."

மாமனார் இடுப்பில் இருந்த சாவியை மட்டும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் கை அங்கே போனதைப் பார்த்ததும் எனக்கு மறுநாள் சாயங்காலம் அப்படியே கண்ணில் தெரிந்தது. இன்னொரு மனிதன் அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறை போட்ட வண்டியில், கீச்சுக் குரல் ஹாரனோடு இந்தத் தெருவில் போவான், மாமனார் வாசலில் நின்று மிட்டாய் பொறுக்க வேண்டும். அதுவும் என்னால்.

"நாளைக்குச் சாயங்காலம் வண்டி ரெடியா இருக்கும்" என்று சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" என்றாள் மனைவி.

அன்று மாலை, கரிந்த ஒயர்களை வெளியே எடுத்துத் தரையில் பரப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டா? அந்த வண்டிக்குப் பிளஸ், அந்தச் செவப்பு முனைதான் பாடிக்கு. அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டி அப்படித்தானாம். சின்ன வயசுல இருந்து அப்பாவுக்கு டார்ச் புடிச்சவ நான்."

"தெரியுமா உனக்கு?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"தலைக் கிறிஸ்துமஸ். மாப்பிள்ளை பேச்சை மறுக்கக் கூடாது. அப்பா கண்ண காட்டிட்டாரு."

மரியாதையால் ஒரு வண்டி எரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நேராக மாமனாரிடம் போனேன். "மாமா, இனிமே நான் தப்பு பண்ணா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. எல்லாருக்கும்தான். மாப்பிள்ளைன்னு பாக்காதீங்க" என்று வீட்டுக்கே பொதுமன்னிப்பு வழங்கினேன்.

எவ்வளவு பெரிய அணையைத் திறந்துவிட்டேன் என்பது உடனே தெரிந்தது.

"அப்பம் சொல்லிருதேன் மாப்ள" என்றார் அத்தை. "நீங்க ரசத்தைக் குடிக்கப்ப கொளாய்த் தண்ணி போவுத மாதிரி சத்தம் வருது."

"குளிக்கப்ப பாடாதிய" என்றார் மாமனார். "பாட்டு நல்ல பாட்டு. அதை ஏன் கொல்லுதிய? அப்புறம் ஆவடியில நல்ல வெயிலு. குளுரு ஒண்ணும் கெடையாது."

மனைவியும் சில விஷயங்கள் சொன்னாள். அவை இங்கே வேண்டாம்.

மறுநாள் காலையில் பஸ் பிடித்து அம்பத்தூர் போய், எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் தடித்த ஒயர், மெல்லிய ஒயர், நுனியில் மாட்டுகிற செம்பு லக்குகள், ஒயர் மேல் போடுகிற ஸ்லீவ் எல்லாம் வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், கடையில் கறுப்பு ஒயரைத் தவிர வேறு நிறம் இல்லை. எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? நான் மூக்கு வியர்க்க வீடு திரும்பினேன். மனைவி உள்ளே போய், தையற்காரர் கொடுத்தனுப்பியிருந்த வெட்டுத் துணிகளை எடுத்து வந்தாள். ஹெட்லைட் ஒயரின் இரண்டு நுனியிலும் அவளுடைய புதுச் சேலை ரவிக்கையின் ஊதா. ஹாரனுக்கு அத்தையின் பச்சைப் பூப்போட்டது. டைனமோவுக்கு என் புதுச் சட்டையின் கோடு போட்ட துணி. பின் விளக்குக்கு மாமனாரின் பழைய வேட்டியில் கிழித்த கரை. வீடே வண்டிக்குள் ஓடியது.

இந்த முறை முறுக்கி டேப் சுற்றுகிற வேலையே இல்லை. முதல் நாள் நான் செய்தது, கிழிந்த சட்டைக்குப் பின் குத்துகிற மாதிரி. ஒவ்வொரு நுனியையும் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி, லக்குக்குள் செருகி, அழுத்தி, மேலே ஈயம் வைத்தேன். ஈயம் தேனைப் போல உள்ளே இறங்க வேண்டும், வெளியே உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று அர்த்தம். பாடியில் இணைகிற போல்ட்டுக்கு அடியில் தலைமுறை தலைமுறையாக அடித்திருந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இரும்பைக் கண்டுபிடித்தேன். கழுத்துப் பக்கம் ஒயரை இழுத்துக் கட்டவில்லை. ஹேண்டிலை இடது மூலைக்கும் வலது மூலைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் போனாலும் ஒயர் நீண்டு மூச்சு வாங்காத அளவுக்குத் தளர்வு விட்டு, ஸ்லீவ் போட்டேன். ரெகுலேட்டர் டப்பாவைத் திறந்து, கரிந்து ஒட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு புள்ளிகளையும் பிரித்து மெல்லிய அரத்தால் தேய்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார், "நேத்து இப்படிச் செஞ்சிருந்தியன்னா இன்னைக்கு முறுக்கு தின்னுட்டு இருக்கலாம்லா" என்றார். நேரடியாகப் பேசச் சொன்னது நான்தானே.

பேட்டரியை மாட்டும் முன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சிவப்பு முனை பாடிக்கு. சரியா?"

"சரி" என்றார்கள் மூன்று பேரும், ஜெபத்தில் ஆமென் சொல்வதைப் போல.

வண்டியில் ஏறப் போனேன். மாமனார் தடுத்தார். "இப்பமே உதைச்சா நேத்து மாதிரியேதான் புகையும். டைனமோவுக்கு ஒரு தடவை புத்தி சொல்லணும் மாப்ள."

அவர் சொன்னது சரிதான். டைனமோவின் இரும்புக்குள் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கும். எந்தப் பக்கம் மின்சாரத்தைத் தள்ள வேண்டும் என்பது அதற்கு அந்தக் காந்தத்தை வைத்துத்தான் ஞாபகம். நேற்று நான் கொடுத்த அடியில் அந்த ஞாபகம் தலைகீழாகப் போயிருக்கலாம். டைனமோவின் உள்சுருளுக்குப் போகிற மெல்லிய ஒயரை ரெகுலேட்டரிலிருந்து கழற்றி, பேட்டரியின் மைனஸில் ஒரு கணம் தொட்டு எடுக்க வேண்டும். பொறி பறக்கும். பறந்தால் புத்தி ஏறிவிட்டது.

நானூறு வோல்ட் வீரன் ஆறு வோல்ட் ஒயரை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். சடக்கென்று பொறி பறந்தது. நான் பின்னால் துள்ளி வேப்பமரத்தில் முட்டிக்கொண்டேன்.

"டைனமோவுக்கா புத்தி சொன்னிய, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

இனி உதைக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் எதிர் பிளாக்காரர் ஒரு வாளி மணலோடு வந்து, வண்டியிலிருந்து மரியாதையான தூரத்தில் நின்றார். முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம் என்று. அத்தையைக் காணோம். வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"மாப்ள, நான் மெயின் பக்கத்துல நிக்கேன். கவலைப்படாம உதைங்க!"

மாமனார் உதைத்தார். எஞ்சின் பிடித்தது. நான் டாங்குக்கு அடியில் தலையைக் கவிழ்த்து மூக்கால் ஆராய்ந்தேன். பெட்ரோல் வாசனை, எண்ணெய் வாசனை, என் வியர்வை. புகை இல்லை. மாமனார் மெல்ல முறுக்கினார். அம்மீட்டர் முள் நடுங்கியது. நடுவிலேயே நின்று யோசித்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்கிறவனைப் போல, சார்ஜ் பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டார். எருமையை ஒரு தரம் கத்த விட்டார்.

எதிர் பிளாக்காரர் முகமூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். "பரவால்ல மாப்ளே, வேலைக்காரன்தான் நீ" என்றார். மணல் வாளியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, வேகமாக எங்கோ போனார். ஏன் அவ்வளவு வேகம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாமனார் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, தலையணை கட்டியிருந்த வயிறு எனக்கு நேராக வந்து நின்றது. "மாப்ள, பின்னால ஏறுங்க. வண்டியில ஏதும் ஆச்சுன்னா பேட்டரி ஒயரப் புடுங்க ஆளு வேணும். வீட்டுக்கு ஓட வேண்டாம், இங்கனயே உக்காந்து புடுங்கலாம்."

புதுச் சட்டையோடு, கையில் ஒரு ஸ்பானரோடு, பின்னால் ஏறிக்கொண்டேன். சாயங்கால வெளிச்சம் போய் இருட்டிக்கொண்டு வந்தது. வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் எரிய ஆரம்பித்திருந்தன. பாடகர் குழு, புது டிரம்மைப் பத்திரமாகக் கடைசி வரிசையில் வைத்துக்கொண்டு, பின்னால் வந்தது. நாங்கள் முதல் தெருவுக்குள் திரும்பினோம். மாமனார் ஹாரனை அழுத்தினார்.

முதல் வீட்டில் விளக்கு அணைந்தது. நட்சத்திரமும் அணைந்தது.

எனக்கு மூக்கு வியர்த்தது. இரண்டாவது வீடு அணைந்தது. அதற்கு எதிர் வீடு. அப்புறம் மாடி. எங்கள் வண்டி போகப் போக, ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு நட்சத்திரமாக, தெரு முழுவதும் இருண்டுகொண்டே போனது.

"மாமா, நிறுத்துங்க! ஒண்ணும் பிரச்சினை இல்ல, நிறுத்துங்க! டிரான்ஸ்பார்மரு போய்க்கினே கீது!"

ஆறு வோல்ட் பேட்டரியால் ஆவடி குவார்ட்டர்ஸையே அணைத்துவிட்டேன் என்று நான் முழுமனதோடு நம்பினேன். எப்படி என்று கேட்காதீர்கள். பதற்றத்தில் மின்சாரத்துக்கு நான் தனியாக விதிகள் வைத்திருக்கிறேன். ஸ்பானரோடு பேட்டரி பக்கம் குனிந்தேன். அப்போது முன்னால் இருந்த சிவப்புக் கோட்டு குலுங்குவது தெரிந்தது. தலையணையோடு சேர்ந்து மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அந்த ஸ்பானர வச்சுட்டு முன்னால பாருங்க."

பார்த்தேன். இருட்டில் தெரு முழுக்க ஒரே ஒரு வெளிச்சம். எங்கள் ஹெட்லைட். மஞ்சளாக, கொஞ்சமும் நடுங்காமல், வேப்பமரங்களையும் கொடிக்கம்பியில் மறந்துபோன ஒரு போர்வையையும் வாசல்களில் கூடி நின்ற முகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போனது. எல்லா முகமும் சிரித்தது. வளைவில் மாமனார் ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளிச்சம் இமைக்கவே இல்லை.

தெருக்கோடியில் எதிர் பிளாக்காரர் சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகப் போய் என் மெயின் சுவிட்ச் கதையைச் சொல்லி ஏற்பாடு செய்தவர் அவர்தான். கோட்டு கிடைக்காத வருத்தத்தை இப்படி ஆற்றிக்கொண்டார். பக்கத்து ஜன்னல் வழியாக, மெயின் சுவிட்சில் கை வைத்தபடி யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா மாப்ளே" என்று அவர் இருட்டுக்குள்ளிருந்து கத்தினார், "எல்லாரும் மெயின ஆஃப் பண்ணிக்கினு கீறாங்கோ. போட்டுடச் சொல்லட்டா?"

நான் ஹெட்லைட்டை இன்னொரு முறை பார்த்தேன்.

"கொஞ்சம் இருங்க" என்றேன். "இன்னும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறோம்."